குளிர் மட்டுமா கொல்கிறது?

1921 செப்டம்பரில் அலாஸ்காவின் நோம் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறு கப்பல், சைபீரியக் கரைக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ராங்கல் தீவில் ஐந்து பேரையும் ஒரு பூனையையும் இறக்கிவிட்டுத் திரும்பியது. ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட முப்பது வயது நிரம்பவில்லை. குழுத்தலைவர் ஆலன் கிராஃபோர்டு டொரன்டோவைச் சேர்ந்த 20 வயது மாணவர். மில்டன் கேலுக்கும் ஏறத்தாழ அதே வயது. லோர்ன் நைட், ஃபிரெட் மௌரர் இருவரும் முன்பே வடதுருவப் பயணங்களில் அடிபட்டு வந்தவர்கள். ஐந்தாமவர் ஏடா பிளாக்ஜாக் என்ற 23 வயது இன்யுபியாட் பழங்குடிப் பெண். காசநோயில் வாடிய தன் மகனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. மாதம் 50 டாலர் சம்பளம் என்றதும், மற்றவர்களுக்குத் தோலாடை தைத்துக் கொடுக்கும் வேலைக்கு ஒப்புக்கொண்டு கப்பலேறினார்.

அவர்களை அனுப்பியவர் வில்யால்மர் ஸ்டெஃபான்சன் என்ற புகழ்பெற்ற துருவ ஆய்வாளர். வடதுருவம் மனிதனுக்கு நட்பான இடம், துப்பாக்கியும் துணிவும் உள்ளவன் அங்கே வேட்டையாடியே வாழலாம் என்று மேடைதோறும் பேசி வந்தவர். இந்தப் பயணத்தில் அவர் காலடி வைக்கவில்லை. ஆறு மாத உணவை மட்டும் கொடுத்து அனுப்பினார். மீதியைத் தீவே தரும் என்பது கணக்கு.

முதல் வருடம் கணக்கு பொய்க்கவில்லை. 1922 கோடையில் வரவேண்டிய நிவாரணக் கப்பல் கடல்பனியில் சிக்கிக் கரை சேர முடியாமல் திரும்பிப் போனது. அடுத்த குளிர்காலத்தில் வேட்டை குறைந்தது. நைட் நோயில் விழுந்தார். 1923 ஜனவரி இறுதியில் கிராஃபோர்டு, கேல், மௌரர் மூவரும் உதவி தேடி உறைந்த கடலின்மேல் நடந்து சைபீரியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை. தீவில் மிஞ்சியவர்கள் படுத்த படுக்கையான நைட்டும் ஏடாவும்தான்.

ஏடா வேட்டைக்காரி அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிறித்தவ மிஷனரிகளிடம் வளர்ந்தவர் அவர். ஆங்கிலம் படிக்கவும், சமைக்கவும், தைக்கவும் கற்றிருந்தார். துப்பாக்கி பிடித்ததில்லை, பொறி வைத்ததில்லை, துருவக்கரடி என்றாலே நடுங்குவார். அந்தக் குளிர்காலத்தில் அவர் பனிநரிக்குப் பொறி வைக்கக் கற்றார். துப்பாக்கி சுடக் கற்றார். கரடி வருவதைத் தொலைவிலேயே பார்க்க உயரத்தில் ஒரு மேடை கட்டினார். கரை ஒதுங்கிய மரத்தை வைத்து ஒரு படகும் செய்தார். ஜூன் மாதம் நைட் இறந்தார். ஆகஸ்டில் மீட்புக் கப்பல் வந்தபோது கரையில் உயிரோடு நின்றவர்கள் ஏடாவும், விக் என்ற அந்தப் பூனையும்.

நான்கு ஆண்களும் திடகாத்திரமானவர்கள், இருவர் அனுபவசாலிகள். அப்படியிருக்க ஏடா மட்டும் எப்படித் தப்பினார்? அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வடக்கின் காட்டிலும் பனிவெளியிலும் சிக்கிய இளையோரின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, உடலியல் சொல்லும் சில விதிகள் மறுபடி மறுபடி தலைகாட்டுகின்றன. அவை காட்டும் எதிரிகளில் குளிரும் ஒன்று. அதுவும் பெரும்பாலும் முதல் எதிரி அல்ல.

குளிரிலிருந்தே தொடங்கலாம். மனித உடல் வெப்பமண்டலத்தில் உருவான உடல். உடையில்லாமல், அசையாமல் இருக்கும் மனிதனுக்குக் காற்றின் வெப்பநிலை 27, 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே உடல் கூடுதல் வெப்பம் உண்டாக்கியாக வேண்டும். முதலில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கை கால்களைக் கைவிட்டு இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றைக் காக்கும் ஏற்பாடு இது. விரல்கள் உறைவதற்கு இதுவே காரணம். அடுத்து நடுக்கம். தசைகள் தாமாகச் சுருங்கி விரிந்து, ஓய்வில் உண்டாகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குவரை உண்டாக்கும். ஆனால் நடுக்கத்துக்கு எரிபொருள் வேண்டும். பட்டினி கிடப்பவரால் அதிக நேரம் நடுங்க முடியாது.

உள்ளுடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் அது தாழ்வெப்பநிலை. பேச்சு குழறும், விரல்கள் பொத்தானைப் போடா, முடிவெடுக்கும் திறன் மங்கும். சுமார் 30 டிகிரியை நெருங்கும்போது நடுக்கம் நின்றுவிடும். அதைப் பார்த்துத் 'தேறிவிட்டார்' என்று கூட இருப்பவர்கள் நினைத்துவிடுவதுண்டு. உண்மையில் அதுதான் மிக ஆபத்தான கட்டம். சாகும் தறுவாயில் சிலர் உடைகளைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சுருங்கியிருந்த ரத்தக் குழாய்கள் தளர்ந்து, சூடான ரத்தம் தோலுக்குப் பாய்ந்து, உடல் பற்றி எரிவதாகத் தோன்றுவதால் அப்படி நடக்கிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம்.

இவ்வளவு பயங்கரமான குளிரை வடக்கின் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊசியாலும் நரம்பு நூலாலும் வென்று வந்திருக்கிறார்கள். கரிபு மானின் ரோமம் ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்று அடைபட்டிருக்கும். வெப்பம் கடக்க முடியாத தடை அந்தக் காற்று. ரோமம் உடம்பைத் தொடும்படி உள்சட்டை ஒன்று, ரோமம் வெளியே பார்க்கும்படி மேல்சட்டை ஒன்று என்று இரண்டு அடுக்காகத் தைப்பார்கள். தையல் நூல் மானின் தசைநாரிலிருந்து எடுத்தது. காலணியில் அந்த நூல் ஈரம் பட்டதும் உப்பி ஊசித்துளையை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே புகாது. தலைமூடியின் விளிம்பில் வுல்வரின் அல்லது ஓநாயின் ரோமம் வைப்பார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் அதில் உறைந்தாலும் தட்டினால் உதிர்ந்துவிடும். கழுத்தும் இடுப்பும் தளர்த்தக்கூடியவை. உழைத்து வியர்க்கும்போது தளர்த்திவிட வேண்டும். வியர்வையில் நனைந்த உடை ஓய்வெடுக்கும்போது உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும். மைனஸ் 30 டிகிரியில் அதிகமாக வியர்ப்பது உயிருக்கு உலை வைக்கும் காரியம்.

ஆக, 'வெறும் தையல்காரி' என்று அழைத்துச் செல்லப்பட்ட ஏடாவின் கையில்தான் அந்தக் குழுவின் முதல் கவசம் இருந்தது. அவர் இல்லாமல் அந்த நால்வரும் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருப்பார்களா என்பது சந்தேகமே.

சரி, நைட் ஏன் இறந்தார்? குளிரால் அல்ல. அவரைக் கொன்றது ஸ்கர்வி. தோல், ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். அதை உருவாக்க வைட்டமின் சி தேவை. பெரும்பாலான விலங்குகள் அதைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும், மனிதனால் முடியாது. சில மாதங்கள் கிடைக்காமல் போனால் ஈறு ரத்தம் கசியும், பல் ஆடும், மூட்டுகள் வீங்கும், ஆறிப்போன பழைய காயங்கள்கூடத் திறந்துகொள்ளும். ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் கிடைத்தாலே போதும், நோய் வராது. எலுமிச்சை விளையாத நாட்டில் அந்த 10 மில்லிகிராமுக்கு எங்கே போவது?

விடை வடக்கின் பூர்வகுடியான இனுயிட் மக்களின் சாப்பாட்டில் இருக்கிறது. பெலூகா திமிங்கிலத்தின் தோலைப் பச்சையாகத் தின்றால் 100 கிராமில் சுமார் 36 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கிறது. சீலின் பச்சை ஈரலிலும் கணிசமாக உண்டு. சூடு இந்த வைட்டமினைச் சிதைத்துவிடும். அதனால், புதிய இறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணும் பழக்கம், காய்கறி இல்லாத நாட்டில் ஒரு மருந்தாகவே இருந்து வந்திருக்கிறது. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: துருவக்கரடியின் ஈரலைத் தொடக்கூடாது. அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். தின்றவருக்குத் தலைவலி, வாந்தி, தோல் உரிதல் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த ஈரல் காக்கும், எந்த ஈரல் கொல்லும் என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி.

இதில் வேதனையான செய்தி, இதெல்லாம் நைட்டுக்குத் தெரியும் என்பது. 1917-இல் ஸ்டெஃபான்சனுடன் சென்றபோது அவருக்கு ஒருமுறை ஸ்கர்வி வந்து, கரிபு இறைச்சியைப் பச்சையாகத் தின்று தேறியிருந்தார். ராங்கல் தீவில் மருந்து தெரிந்திருந்தும் கைக்கு எட்டவில்லை. தீவில் கரிபு கிடையாது. குளிர்காலத்தில் சீல்களும் கிட்டவில்லை. படுக்கையில் கிடந்தவரால் வேட்டைக்குப் போக முடியவில்லை. வேட்டைக்குப் போக வேண்டியிருந்த பெண்ணோ அப்போதுதான் பொறி வைக்கவே கற்றுக்கொண்டிருந்தார். வசந்தம் வந்து பறவைகளும் சீல்களும் திரும்பியபோது ஏடாவின் குறி தேறியிருந்தது. நைட்டுக்கு அது காலம் கடந்த உதவி.

ராங்கல் தீவின் சோகத்திலிருந்து யாரும் பாடம் படிக்கவில்லை. நான்கே ஆண்டுகளில், கனடாவின் வடமேற்குப் பகுதியில் தெலோன் ஆற்றங்கரையில் அது வேறு உருவில் திரும்பி வந்தது.

ஜான் ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் மரங்களற்ற டன்ட்ரா வெளியில் பல ஆண்டுகள் திரிந்தவர். குறைந்த உணவோடு வேட்டையை நம்பி வாழ்வதைப் பெருமையாகக் கருதியவர். 1926-இல் தன் உறவினரான எட்கர் கிறிஸ்டியன் என்ற 18 வயதுப் பையனையும், இருபதுகளில் இருந்த ஹெரால்ட் அட்லார்ட் என்பவரையும் அழைத்துக்கொண்டு தெலோன் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். கரிபு மந்தைகள் தெற்கே வலசை போகும் வேளையில் சுட்டுக் குவித்துக்கொண்டால் குளிர்காலத்துக்குப் போதும் என்பது திட்டம். அவர்கள் பிந்திவிட்டார்கள். மந்தைகள் போய்விட்டன.

எட்கர் நாள்தோறும் குறிப்பு எழுதினான். பொறியில் விழுந்த நரி, எப்போதாவது ஒரு முயல், வலையில் ஒரு மீன், பிறகு பழைய எலும்பை உடைத்துக் காய்ச்சிய சாறு, கடைசியில் மான்தோல். 1927 ஏப்ரலில் ஹார்ன்பி இறந்தார். மே மாதம் அட்லார்ட். ஜூன் தொடக்கத்தில் எட்கரின் குறிப்பு நின்றது. சாவதற்கு முன் நாட்குறிப்பையும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் அணைந்துபோன அடுப்புக்குள் பத்திரப்படுத்தி, அடுப்பில் பார்க்கும்படி ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தான். அடுத்த ஆண்டு அந்தக் குடிசைக்கு வந்தவர்கள் உடல்களைக் கண்டார்கள். அடுப்பிலிருந்த தாள்கள் அதற்கும் பின்னர், போலீஸ் குழு வந்தபோதுதான் கிடைத்தன. பட்டினியில் ஒரு உடல் எப்படி ஒடுங்குகிறது என்பதை உள்ளிருந்தே பதிவு செய்த ஆவணங்களில் அந்தப் பையனின் நாட்குறிப்பும் ஒன்று.

உணவின் அளவு மட்டும் அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. வடக்கு வேடர்கள் 'முயல் பட்டினி' என்று ஒன்றைச் சொல்வார்கள். குளிர்காலத்து முயலின் உடலில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, எல்லாம் புரதம். வயிறு புடைக்கத் தின்றாலும் பசி அடங்காது. சில நாட்களில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, பெருஞ்சோர்வு எல்லாம் வரும். புரதத்தை எரிக்கும்போது உண்டாகும் நைட்ரஜன் கழிவை ஈரல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்ப வேண்டும். ஈரலின் அந்தத் திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒருவரின் மொத்தக் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதத்திலிருந்து வரலாம். அதைத் தாண்டினால் உடல் தாங்காது. மற்ற கலோரிகள் மாவிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ வந்தாக வேண்டும். மாவே இல்லாத பனிவெளியில் கொழுப்பு ஒன்றுதான் கதி. ஒரு கிராம் புரதத்தில் 4 கிலோகலோரி, கொழுப்பில் 9 கிலோகலோரி. வடக்கில் சீலின் கொழுப்பும், கரிபுவின் முதுகுக் கொழுப்பும், எலும்பு மஜ்ஜையும் விலைமதிப்பற்றவையாக இருந்ததன் காரணம் இதுதான்.

இதை மருத்துவமனையிலேயே சோதித்தும் பார்த்தார்கள். சோதனைக்கு ஆளானவர், ராங்கல் தீவுக்கு ஆட்களை அனுப்பிய அதே ஸ்டெஃபான்சன். 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அவரும் கார்ஸ்டன் ஆண்டர்சன் என்ற நண்பரும் ஓர் ஆண்டு இறைச்சி மட்டும் உண்ணும் சோதனையைத் தொடங்கினார்கள். மருத்துவர்கள் முதலில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்தார்கள். மூன்றே நாட்களுக்குள் வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்து படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்ததும் தேறினார். ஸ்கர்வியும் வரவில்லை. மனிதன் இறைச்சியால் வாழ முடியும் என்ற அவர் வாதம் உண்மைதான் என்று நிரூபணமானது. எந்த இறைச்சி, எந்தப் பருவத்தில், எவ்வளவு கொழுப்போடு என்ற விவரத்தைக் கற்றுத் தராமல் இருபது வயதுப் பிள்ளைகளைத் தீவில் இறக்கிவிட்டது மன்னிக்க முடியாத தவறு என்பதும் அதற்கு நிகரான உண்மை.

தெலோனுக்கு 65 ஆண்டுகளுக்குப் பின் அலாஸ்காவில் இறந்த கிறிஸ் மெக்கேண்ட்லெஸைப் பலர் அறிவார்கள். ஜான் கிராக்கவர் எழுதிய புத்தகமும் 2007-இல் வந்த திரைப்படமும் அவரை ஒரு தலைமுறையின் நாயகனாக்கிவிட்டன. 1992 ஏப்ரல் இறுதியில் ஸ்டாம்பீட் பாதையில் நடந்தபோது அவருக்கு வயது 24. முதுகில் சுமார் நாலரைக் கிலோ அரிசி, கையில் சிறுபிராணிகளைச் சுடும் ஒரு .22 துப்பாக்கி. கைவிடப்பட்ட 142-ஆம் எண் பேருந்தில் தங்கினார். அணில், பறவை, கிழங்கு, காட்டுப்பழம் இவைதான் சாப்பாடு. ஜூனில் ஒரு மூஸ் மானைச் சுட்டார். பெரிய வெற்றி அது. ஆனால் இறைச்சியை அவர் புகையூட்டப் பார்த்தார். ஈக்களும் புழுக்களும் முந்திக்கொண்டன. மெல்லிய வார்களாக அறுத்துக் காற்றில் உலர்த்தியிருக்க வேண்டும் என்பது அலாஸ்கா வேட்டைக்காரர்களின் தீர்ப்பு. ஒரு குளிர்காலத்தையே தாங்கக்கூடிய கொழுப்பும் இறைச்சியும் சில நாட்களில் வீணாயின.

ஜூலை தொடக்கத்தில் ஊர் திரும்பக் கிளம்பியவரை டெக்லானிகா ஆறு மறித்தது. ஏப்ரலில் அவர் எளிதாகக் கடந்த அதே ஆறுதான். பனியாற்றிலிருந்து பிறக்கும் நதிகளின் இயல்பு நம் ஆறுகளுக்கு நேர்மாறானது: மழையே இல்லாத, வெயில் சுடும் நாட்களிலும் அவை பெருக்கெடுக்கும். கோடை முற்ற முற்ற உருகும் பனி கூடும். ஒரே நாளுக்குள்ளும் அதிகாலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் ஓடும். மெக்கேண்ட்லெஸிடம் விரிவான வரைபடம் இருந்திருந்தால், ஆற்றோட்டத்தின் திசையில் கொஞ்ச தூரத்தில் நீரளவைப் பணியாளர்கள் ஆற்றைக் கடக்கப் பயன்படுத்திய கம்பிவடத் தொட்டில் கண்ணில் பட்டிருக்கும். பேருந்துக்கே திரும்பினார். செப்டம்பரில் உடலைக் கண்டெடுத்தபோது எடை சுமார் 30 கிலோ.

அவர் தின்ற கிழங்கின் விதையில் நஞ்சு இருந்ததா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. கிராக்கவரே தன் விளக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றினார். நஞ்சு இருந்ததோ இல்லையோ, கலோரிக் கணக்கே போதிய விளக்கம் தருகிறது. காட்டில் நடந்து, விறகு பொறுக்கி, வேட்டையாடும் இளைஞனுக்கு நாளொன்றுக்கு 3,000 கிலோகலோரிக்குக் குறையாமல் வேண்டும். ஓர் அணிலில் அதன் பத்திலொரு பங்குகூடத் தேறுவது கடினம். ஒவ்வொரு நாளும் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையைத் தன் தசையைக் கொடுத்து உடல் ஈடுகட்டிக்கொண்டே வந்தது.

அந்தப் பேருந்தைப் பார்க்கப் போனவர்களில் இருவர், 2010-இலும் 2019-இலும், அதே டெக்லானிகா ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். பலரை மீட்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2020 ஜூன் 18 அன்று ராணுவ ஹெலிகாப்டர் பேருந்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது அது ஃபேர்பேங்க்ஸ் நகரின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. சரியான முடிவு.

பிழைத்தவர்களில் இன்னொருவரைப் பார்க்கலாம். 1963 பிப்ரவரி 4 அன்று ஹெலன் கிளாபென் என்ற 21 வயது நியூயார்க் பெண்ணும், ரால்ஃப் ஃபுளோரெஸ் என்ற 42 வயது விமானியும் வைட்ஹார்ஸ் நகரிலிருந்து பறந்த சிறு விமானம் வடக்குக் கனடாவின் காட்டில் விழுந்தது. ஹெலனுக்குக் கை முறிந்தது, பாதம் சிதைந்தது; ரால்ஃபுக்குத் தாடை உடைந்தது. இருவருக்கும் காட்டுப் பயிற்சி கிடையாது. தடித்த குளிராடை கிடையாது. சில தகர டப்பா மீனும் பழமும் பிஸ்கட்டும் இருந்தன. சில நாட்களில் தீர்ந்தன. குளிர் மைனஸ் 40 டிகிரியைத் தொட்டது. 49 நாட்கள் கழித்து இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

எப்படி? பனியைத் தீயில் உருக்கிச் சூடாகக் குடித்தார்கள். இது சாதாரண விஷயம் அல்ல. ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் 80 கிலோகலோரி தேவை. அந்த நீரை உடல் சூட்டுக்குக் கொண்டுவர இன்னும் 37. பனியை அப்படியே தின்றால் அந்த வெப்பம் முழுவதும் உடம்பிலிருந்துதான் போகும். அடுத்து, அலையாமல் ஓரிடத்தில் கிடந்தார்கள். உணவு வராதபோது சில நாட்களில் உடல் தன் கொழுப்பை உருக்கி கீட்டோன்களாக்கி மூளைக்குக் கொடுக்கத் தொடங்குகிறது. தசை கரைவது மட்டுப்படுகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி இருக்கிறது. அசையாமல் கிடப்பவருக்கு ஒரு கிலோ கொழுப்பு ஐந்து நாள்போல வரும். பத்துக் கிலோ கூடுதல் கொழுப்பு உள்ளவர் குளிரிலிருந்து காப்பு இருந்தால் ஒன்றரை மாதம் தாக்குப்பிடிப்பது இந்தக் கணக்குப்படி சாத்தியம். கடைசியாக, ரால்ஃப் வெட்டவெளி ஒன்றைத் தேடிப் போய்ப் பனியை மிதித்து மிதித்துப் பெரிய எழுத்துகளில் எஸ்ஓஎஸ் என்று எழுதினார். மேலே பறந்த விமானி ஒருவர் அதைப் பார்த்தார். உறைந்துபோன கால்விரல்களை ஹெலன் இழந்தார், உயிர் மிஞ்சியது.

மெக்கேண்ட்லெஸுக்கும் ஹெலனுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உடல் வலிமை அல்ல. ஹெலன் போன விமானத்தைத் தேடினார்கள். மெக்கேண்ட்லெஸ் எங்கே போகிறார் என்பது அவர் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரே இடத்தில் இருந்தால் தேடுபவர் கண்டுபிடிப்பார் என்பதைச் சிறு குழந்தைகளின் கதைகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 2014 கோடையில் ரஷ்யாவின் யாகூத்தியா காட்டில் நான்கு வயது நிரம்பாத ஒரு சிறுமி தொலைந்துபோனாள். கூட இருந்தது ஒரு நாய்க்குட்டி. பதினொரு இரவுகள் உயரமான புல்லுக்குள் ஒடுங்கி, நாயின் சூட்டோடு தூங்கி, காட்டுப்பழம் தின்று, ஆற்றுநீர் குடித்துப் பிழைத்திருந்தாள். நாய் வீடு திரும்பியபின் தேடல் தீவிரமாகி அவளைக் கண்டெடுத்தார்கள். குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். வெப்பம் வேகமாக வெளியேறும். அப்படியிருந்தும் அவள் தப்பியதற்குப் புல்லும், நாயும், வெகுதூரம் ஓடாமல் இருந்ததும் காரணங்கள். யாகூத்ஸ்க் விமான நிலையத்தில் அந்தச் சிறுமிக்கும் நாய்க்கும் சிலை வைத்திருக்கிறார்கள். 'தொலைந்துபோனால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு' என்று கனடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் இதே காரணத்தால்தான்.

குளிர் சில வேளைகளில் காவலாகவும் நிற்கிறது. 1999 மே மாதம் நார்வேயின் நார்விக் அருகே பனிச்சறுக்கின்போது ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா போகென்ஹோல்ம் என்ற 29 வயது மருத்துவர் உறைந்த ஓடையில் தலைகுப்புற விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டார். 80 நிமிடம். வெளியே எடுத்தபோது இதயம் நின்றிருந்தது. உடல் வெப்பநிலை 13.7 டிகிரிவரை இறங்கியிருந்தது. டிரோம்ஸோ மருத்துவமனையில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடேற்றி உள்ளே செலுத்தினார்கள். இதயம் மீண்டும் துடித்தது. பனிக்கடியில் சிக்கியிருந்த காற்றுப்பை ஒன்றில் அவர் கொஞ்ச நேரம் மூச்சுவிட முடிந்ததும், மூளை நன்றாகக் குளிர்ந்து ஆக்சிஜன் தேவை மிகக் குறைந்தபின்பே இதயம் நின்றதும் அவரைக் காத்தன. பின்னாளில் அதே மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராகப் பணியாற்றினார்.

இன்று வடக்கின் பிள்ளைகளுக்கு இந்த அறிவு எப்படிப் போய்ச் சேருகிறது? கனடாவின் தொலைதூர ஊர்களில் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக ஜூனியர் கனடியன் ரேஞ்சர்ஸ் என்ற அமைப்பு 1996 முதல் இயங்குகிறது. முதலுதவியோடு, ஊர்ப் பெரியவர்களிடம் வேட்டையும், மீன்பிடியும், பனிவீடு கட்டுவதும் கற்கிறார்கள். ஆனால் பெரியவர்களுக்குத் தெரிந்த பனியே இப்போது மாறிவருகிறது. புவி சூடாவதால் கடல்பனி தாமதமாக உறைகிறது, சீக்கிரம் உடைகிறது, எதிர்பாராத இடத்தில் மெலிந்திருக்கிறது. அதற்காகவே ஸ்மார்ட்ஐஸ் என்ற திட்டம் பனியின் தடிமனை அளக்கும் கருவிகளைப் பரப்பிவருகிறது. லாப்ரடார் கரையில் நெயின் என்ற ஊரில் அந்தக் கருவிகளை ஒன்றுசேர்ப்பவர்கள் இனுயிட் இளைஞர்கள். ஈட்டியால் பனியைக் குத்திப் பார்க்கும் பாட்டனின் அறிவையும் பேரனின் கருவியையும் ஒருங்கே நம்பி அங்கே பயணம் கிளம்புகிறார்கள். எட்கருக்கும் கிராஃபோர்டுக்கும் கிடைக்காமல் போனது இப்படியொரு ஏற்பாடுதான்.

கனடாவிலும் நார்வேயிலும் இன்று ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. படிக்கப் போகும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஏரிக்கரைக்கும் மலைக்கும் போகத்தான் வேண்டும்; அந்த நாட்டின் அழகே அங்கேதான் இருக்கிறது. போகும்போது மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லித்தரும் மூன்று எண்களை நினைவில் வையுங்கள்: உறைநீரில் விழுந்தால் மூச்சிரைப்பு அடங்க ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடம் நீந்த முயலாமல் மூச்சைச் சமாளியுங்கள். அடுத்த பத்து நிமிடத்துக்குள், வந்த திசையிலேயே திரும்பி, கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி வெளியேறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே நகருங்கள். பருத்திச் சட்டை நனைந்தால் குளிரைத் தடுக்காது, கம்பளி அணியுங்கள். கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அறைத்தோழரிடமோ வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போங்கள்.